டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும்போதே மறுபடி ரத்தப்போக்கு: நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

நான் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதிந்து, இன்று ஆணாக வாழ்கிறவன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பித்த சில மாதங்களிலேயே எனக்குப் பீரியட்ஸ் நின்றுவிட்டது. குரல் இறங்கியது, மீசை வந்தது, எல்லாம் நினைத்தபடி போய்க்கொண்டிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த பேட் பாக்கெட்டை எல்லாம் அக்காவிடம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் மறுபடி ரத்தம். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நான் அலைந்த அலைச்சலும், கையை விட்டுப் போன 40,000 ரூபாய்க்கு மேலான பணமும்தான் இதை எழுத வைத்தது. இதைப் பற்றித் தமிழில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. இங்கிலீஷில் கிடைத்ததெல்லாம் அமெரிக்கக் காப்பீட்டை வைத்துப் பேசியது. வாலாஜாவிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் இருக்கிற என் திருநம்பித் தம்பிகளுக்கு அதில் பாதி உதவாது.

முதல் தடவை வந்தபோது லேசான கறைதான். வெயிலில் உடம்புச் சூடு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். அடுத்த மாதம் அடிவயிற்றில் முறுக்கிப் பிழிகிற வலியோடு வந்தது. கம்பெனியில் ஆண்கள் கழிப்பறைதான் எனக்கு. அங்கே குப்பைத்தொட்டி கிடையாது, தாழ்ப்பாளும் பாதி நாள் நிற்காது. மாற்றிய பேடை செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் கவரில் கட்டி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வருவேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் பையைத் தெரியாமல் இடித்தால்கூட உயிர் போய்விடும். எனக்கு வலியைவிட இதுதான் தாங்கவில்லை. ராணிப்பேட்டை முத்துக்கடைப் பகுதியில் எனக்குத் தெரிந்த மெடிக்கல் ஷாப் பையன் "யாருக்குண்ணா?" என்று கேட்டபோது அக்காவுக்கு என்றேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. இத்தனை கஷ்டப்பட்டு வாங்கிய வாழ்க்கையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்களோ என்று இருக்கும். அம்மாதான் கண்டுபிடித்தது. "இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துப் போச்சு, வயித்த வலிக்குதா?" என்று கேட்டதும் அழுதுவிட்டேன்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக்குக்கு. ஊர் பெயரும் டாக்டர் பெயரும் வேண்டாம். வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "பேஷன்ட் எங்க சார்? வைஃப கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்தான் பேஷன்ட் என்றதும் அதை உள்ளே போய்ச் சத்தமாகச் சொன்னாரே, அதற்கு எந்த நியாயமும் இல்லை. கர்ப்பிணிகளும் அவர்கள் மாமியார்களும் உட்கார்ந்திருந்த அந்த ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது. டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார். ஆம்பளை ஹார்மோன் போட்டால் இப்படித்தான் ஆகும், ஊசியை நிறுத்து என்றார். நோரெதிஸ்டிரோன் மாத்திரை பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். போட்டதும் ரத்தம் நின்றது. பத்து நாள் முடிந்து மூன்றாம் நாள் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. நான் பயந்துபோய்விட்டேன், உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். உண்மை என்னவென்றால் அந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் போட்டு நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும், அது அந்த மருந்து வேலை செய்கிற விதம். கோயில் விசேஷத்துக்குப் பீரியட்ஸைத் தள்ளிப்போட நம் வீட்டுப் பெண்கள் போடுகிற அதே மாத்திரைதான். இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஒரு வாரம் நரகமாக இருந்திருக்காது. ஆகவே யார் எந்த மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் "எத்தனை நாள் போடணும், நிறுத்தினா என்ன ஆகும்" என்ற இரண்டு கேள்வியையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள். ஊசியை நிறுத்து என்று சொன்னால், நிறுத்தினால் பீரியட்ஸ் முழுசாகத் திரும்பி வருமே, அதற்கு என்ன வழி என்றும் கேளுங்கள்.

இரண்டாவதாகப் போன இடம் பெரிய இடம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். உள்ளே கருவி வைத்து எடுக்க வேண்டும் என்று அந்த நர்ஸ் சொன்னதும் எனக்குக் கை கால் நடுங்கியது. வேண்டாம் என்றேன், வேறு வழியில்லை என்றார். வழி இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, வயிற்றின் மேலேயே வைத்து எடுக்கலாம். உள்ளே வைத்து எடுப்பதில் சில விஷயங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் முதல் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மேலே எடுப்பதே போதும். நான் பிடிவாதமாக நின்றதால் அப்படியே எடுத்தார்கள். கட்டி இல்லை, கர்ப்பப்பையின் உள்சுவர் மெல்லியதாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த டாக்டர், "எப்படியும் எடுக்கத்தானே போறீங்க, இப்பவே எடுத்துடலாம்" என்று சொல்லி, மறு வாரமே தேதி கொடுத்து, லட்சத்துக்கு மேல் ஒரு தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்.

கர்ப்பப்பையை எடுக்கிற ஆசை எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அது நான் தயாராகி, லீவு சேர்த்து, பணம் சேர்த்து, பார்த்துக்கொள்ள ஆள் வைத்துச் செய்துகொள்ள வேண்டியது. ரத்தம் ஏன் வருகிறது என்றே யாரும் சொல்லாதபோது பயத்தில் தலையாட்டுகிற விஷயம் இல்லை. இன்னொன்றும் உண்டு. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், பின்னாளில் பணமில்லாமலோ மருந்து கிடைக்காமலோ டெஸ்டோஸ்டிரோன் நின்றுபோனால் உடம்பில் ஆண் ஹார்மோனோ பெண் ஹார்மோனோ ஏறக்குறைய இருக்காது, எலும்பு தேய ஆரம்பித்துவிடும். சினைப்பையை விட்டுவிட்டு கர்ப்பப்பையை மட்டும் எடுக்கவும் முடியும். கருமுட்டையைச் சேமித்து வைக்கலாமா என்ற கேள்வியும் அதற்கு முன்னாடியே யோசிக்க வேண்டியது. இதில் எதைப் பற்றியும் அந்த அறையில் யாரும் பேசவில்லை. கர்ப்பப்பையை எடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. அவசரப்படுத்துகிற இடத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

நடுவில் நான் ஊசி போட்டுக்கொள்கிற ஹார்மோன் டாக்டரையும் பார்த்தேன். ரத்தப்போக்கு மகப்பேறு டாக்டர் பார்க்க வேண்டியது என்றார் அவர். மகப்பேறு டாக்டரோ இது ஹார்மோன் பிரச்சினை என்றார். இவர் அங்கே தள்ள, அவர் இங்கே தள்ள, ஒவ்வொரு இடத்திலும் அதே ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வைத்தார்கள். என் பணத்தில் பெரும்பங்கு போனது இதில்தான். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக வைத்திருங்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவை எந்த நாளில் எடுத்தீர்கள் என்பது ரொம்ப முக்கியம். ஊசி போட்டு ஓரிரு நாளில் எடுத்தால் எண் உச்சத்தில் இருக்கும், அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்தால் தரையில் இருக்கும். எனக்கு எடுத்ததெல்லாம் அவரவர் வசதிக்கு எடுத்தது, அதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை. ரிப்போர்ட்டின் மேலேயே "கடைசி ஊசி இந்தத் தேதி" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். லேபில் பெண் என்று பதிந்திருந்தால் பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் சிவப்பில் அடித்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

சென்னையில் இருக்கிற ஒரு திருநம்பி அண்ணன் போனில் சொன்ன யோசனைதான் திருப்பம். "டேய், ஊசி போடுற தேதியையும் ரத்தம் வர்ற தேதியையும் ஒரே காலண்டர்ல குறிச்சு வை" என்றார். சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டர் தாளில் ஊசிக்கு நீல மையும் ரத்தத்துக்குச் சிவப்பு மையுமாகக் குறித்துச் சேர்த்து வைத்தேன். கொஞ்ச மாதத்தில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு எப்போதும் நீலத்துக்கு முந்தின நாலைந்து நாளில்தான் இருந்தது. எனக்கு சஸ்டனான் 250 என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாவது வாரக் கடைசியில் மருந்தின் அளவு இறங்கும்போது உடம்பு பழைய வேலையைத் தொடங்குகிறது. எரிச்சல், சோர்வு, கோபம் எல்லாம்கூட அந்த நாட்களில்தான் இருந்தது.

அந்தத் தாள்களோடு வேலூரில் ஒரு மகப்பேறு டாக்டரம்மாவைப் பார்த்தேன். "உக்காருங்க தம்பி, உங்கள எப்படிக் கூப்பிடணும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. காலண்டர் தாளை மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு, கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி, தொற்று இல்லை என்று மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். அப்புறம் பிரிஸ்கிரிப்ஷன் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிற வழிகளை எல்லாம் எழுதினார். பொறுத்துக்கொள், அல்லது எடுத்துவிடு என்று இரண்டே வழிதான் எனக்கு இதுவரை சொல்லியிருந்தார்கள். இடையில் இத்தனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் ஊசியின் இடைவெளி. மூன்று வாரத்தை இரண்டாக்கலாம், அதற்கு ஹார்மோன் டாக்டரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவரிடம் நானே பேசுகிறேன் என்றார். ரத்தம் நிற்கட்டும் என்று நாமாக டோஸை ஏற்றக்கூடாது. அதிகப்படியான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு உடம்பிலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறும், தவிர ரத்தம் கெட்டியாகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டுகிற ஹீமட்டோகிரிட் என்று ஒரு அளவு இருக்கிறது, அது 54 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து, அதனால் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்தது தினமும் ஒரு 5 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன், பத்து நாள் இல்லை, தொடர்ந்து சில மாதம். இதே மாத்திரையா என்று எனக்குக் கசந்தது. நிறுத்தி நிறுத்திப் போடுவதும் விடாமல் போடுவதும் வேறு வேறு என்று விளக்கினார். அளவைக் கூட்டினால் இதிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாக மாறும், ஆகவே குறைந்த அளவில் நிற்போம் என்றார். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற சதை அதற்கு வெளியே வளர்கிற நோய்) இருப்பவர்களுக்கு டியனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரை பொருந்தலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெப்போ ஊசியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தரா என்ற பெயரில் 2017லிருந்து குடும்பநலத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்களே, அதே மருந்துதான். காசில்லாதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் முதல் சில மாதம் கண்டபடி ரத்தம் வரலாம், நீண்ட நாள் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையலாம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. இந்தக் கடைசிக் காரணத்தால் நான் அதை வேண்டாம் என்றேன். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் 'காயில்' (coil) என்ற சின்னக் கருவி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்யும், மருந்து பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதைக் காப்பர் டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், காப்பர் டி ரத்தப்போக்கைக் கூட்டும். காயில் வைக்கும்போது வலிக்கும், டெஸ்டோஸ்டிரோனால் அந்த இடம் மெலிந்திருக்கிற நமக்கு இன்னும் வலிக்கும். மயக்கம் கொடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கலாம். இது எனக்கு அடுத்த வழி என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். லியூப்ரோலைட் ஊசி சினைப்பையையே அடக்கிவிடும், விலையும் அதிகம், ஆரம்பத்தில் ஒருமுறை ரத்தம் வரலாம், எலும்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த சாதாரணக் கருத்தடை மாத்திரை எனக்குக் கூடவே கூடாது என்றார், ஏனென்றால் கண்முன் மின்னல் அடித்து வருகிற ஒற்றைத் தலைவலி எனக்கு உண்டு. அப்படித் தலைவலி இருப்பவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு, ரத்தம் வருகிற நாளில் மட்டும் போடுகிற டிரனெக்ஸாமிக் அமிலம், மெஃபெனாமிக் அமிலம் மாத்திரைகள் இருக்கின்றன. ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இதில் டிரனெக்ஸாமிக் ஆகாது.

நான் ரொம்பத் தயங்கியது வேறு ஒன்றில். உறுப்பில் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர்க் கடுப்பும் இருப்பதைச் சொன்னபோது எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் கிரீம் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. எதிலிருந்து தப்பி வந்தேனோ அதையே கையில் கொடுக்கிறார்களே என்று இருந்தது. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. டெஸ்டோஸ்டிரோனால் அங்கே தோல் மெலிந்து வறண்டுவிடும், லேசான கறைக்கும் எரிச்சலுக்கும் அதுவே காரணமாகலாம், இந்தக் கிரீம் அந்த இடத்துக்கு மட்டும்தான், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, மீசையையோ குரலையோ ஒன்றும் செய்யாது என்றார். நோரெதிஸ்டிரோன், டியனோஜெஸ்ட், டெப்போ ஊசி போன்ற புரொஜெஸ்டிரோன் வகை மருந்துகளும் அப்படித்தான், அவற்றால் தாடி உதிராது. ஒரு மாதம் அந்த டியூப் பீரோவில் பிரிக்காமலேயே கிடந்தது. அந்தத் தயக்கம் யாருக்கும் வரலாம், வந்தால் வெட்கப்பட வேண்டாம், உங்களுக்கு மனது வரும்போது தொடங்குங்கள். எனக்குத் தொடங்கிய சில வாரத்திலேயே சிறுநீர் கழிக்கும்போது வந்த எரிச்சல் போய்விட்டது. இத்தனை நாள் தண்ணீர் குடிக்கவே பயந்துகொண்டு இருந்தவன் நான், வேலூர் வெயிலில்.

இடைவெளியைக் குறைத்ததும் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்ய நாள் பிடித்தது. முதல் மாதம் கறை இருந்தது, அடுத்த மாதம் குறைந்தது, அதற்கப்புறம் நின்றது. கொஞ்சம் வயிறு உப்புசமும், சில நாள் மனச்சோர்வும் இருந்தன. இப்போது மாத்திரையையும் நிறுத்திவிட்டோம், ரத்தம் வரவில்லை. வந்தால் காயில் வைத்துக்கொள்வேன்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பழைய பெயரில் ஃபைல் இருந்தால் ஹாலில் அதைத்தான் கூவுவார்கள். 2019 திருநர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கலெக்டர் ஆபீஸ் வழியாக அடையாளச் சான்றிதழ் வாங்கினேன், நான் விண்ணப்பித்தபோது உடல் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. மருத்துவமனையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சான்றிதழைக் காட்டி ஃபைலில் பெயரை மாற்றிக்கொண்டேன், மாற்ற மறுத்த இடத்தில் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடக் கேட்டேன், அதற்கு ஒத்துக்கொண்டார்கள். தனியாருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநருக்கான தனிப் பிரிவு இருக்கிறது. காட்பாடியிலிருந்து ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ஆஸ்பத்திரி. ஒருநாள் சம்பளம் போகும், ஆனால் அங்கே நாம் யார் என்று முதலிலிருந்து விளக்கிக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஆணோடு உறவு இருக்கிற திருநம்பிகளுக்கு ஒன்று. பீரியட்ஸ் நின்றுவிட்டது என்பதால் கரு தங்காது என்று அர்த்தம் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து கிடையாது, கரு தங்கினால் அந்த மருந்து சிசுவைப் பாதிக்கும். டெப்போ ஊசியும் ஹார்மோன் காயிலும் ரத்தத்தை அடக்குவதோடு கருத்தடையாகவும் இருக்கும், நான் போட்ட அளவு நோரெதிஸ்டிரோனை அப்படி நம்பக்கூடாது. கர்ப்பப்பை வாய் இருக்கும் வரைக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையும் வேண்டும், நம் நாட்டுத் திட்டத்தில் 30 வயதிலிருந்து செய்யச் சொல்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் செல்களை எடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியர் நமக்குத் தெளிவில்லாமல் வந்து மறுபடி எடுக்கச் சொல்வது சகஜம். நாமே குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கிற ஹெச்பிவி (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை உண்டு, அது கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதும் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், தலை சுற்றினால், ஒரு பக்கமாகக் குத்துகிற வலி இருந்தால் அப்பாயின்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வாயைத் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "எனக்கு கர்ப்பப்பை இருக்கு, டெஸ்டோஸ்டிரோன் ஊசி எடுக்கிறேன், கடைசி ஊசி இந்தத் தேதி." சொல்லாவிட்டால் மீசையைப் பார்த்துவிட்டு வயிற்று வலிக்கு வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள். பேச முடியாத நிலையில் இருந்தால் கூட வருபவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், என் அக்கா போனில் இதை எழுதிச் சேமித்து வைத்திருக்கிறேன்.